காலணாச் சிந்தும் பெரிய எழுத்தும்: வடசென்னைத் தெருப் பதிப்புகளின் வரலாறு

‘பெரிய எழுத்து’ என்பது தமிழ்ப் பதிப்புலகில் ஒரு நூல்வகையின் பெயர். கதையின் பெயருக்கு முன்னால் அட்டையிலேயே இந்தச் சொல் அச்சாகும்: பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, பெரிய எழுத்து நல்லதங்காள் கதை, பெரிய எழுத்து மதுரைவீரன் கதை. ஆசிரியர் யார் என்பதற்கும் முன்பாக, எழுத்தின் அளவைச் சொல்லிப் புத்தகத்தை விற்ற வழக்கம் இது. இந்நூல்களும், இவற்றுக்கு முன்னோடியாகவும் கூட்டாளியாகவும் இருந்த காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்களும் பெரும்பகுதி சென்னையின் வடபாதியில் அச்சாயின. பூங்காநகர், தங்கசாலை, சௌகார்பேட்டை, கொண்டித்தோப்பு ஆகிய பகுதிகளே இவற்றின் பிறப்பிடம். ராயபுரம் தொடங்கி திருவொற்றியூர், எண்ணூர் வரை நீளும் துறைமுக, ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகள் இவற்றின் அண்டை வீட்டு வாசகர்கள்.

இந்த நிலப்பகுதிக்கும் அச்சுக்கும் தொடர்பு ஏற்பட்டது தற்செயல் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச்சாலை இருந்ததால் தங்கசாலைத் தெரு அப்பெயர் பெற்றது. நாணயச்சாலை மூடப்பட்ட பின் அதே வளாகத்தில் அரசு அச்சகம் இயங்கியது. காகித வணிகம், மை, தோல், பழைய இரும்பு, வண்டிப்பேட்டை எல்லாம் சுற்றுவட்டத்திலேயே கிடைத்தன. கொண்டித்தோப்பிலிருந்து நடக்கும் தொலைவில் ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. புத்தகக் கட்டைத் தலையில் சுமந்து கொண்டுபோய் ரயிலில் ஏற்றிவிட்டால், அடுத்த நாள் வட ஆற்காட்டுச் சந்தையில் கடை விரிக்கலாம் என்ற நிலை அதன் பிறகு வந்தது.

சென்னையில் தமிழ் அச்சு அதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்பே தொடங்கிவிட்டது. 1761-ல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலப் படை அங்கிருந்து எடுத்துவந்த அச்சுப்பொறி, வேப்பேரியில் இருந்த பாதிரியார் ஃபெப்ரீஷியஸிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் அச்சகம் என்பது மிஷனுக்கும் அரசுக்கும் உரியதாகவே நெடுங்காலம் இருந்தது. 1835-ல் சார்லஸ் மெட்காஃப் கொண்டுவந்த சட்டம் உரிமக் கட்டுப்பாட்டை நீக்கியது. அச்சகம் வைத்திருப்பவர் தன் பெயரையும் இடத்தையும் அரசிடம் தெரிவித்தால் போதும் என்றானது. அதற்குப் பிறகு ‘அச்சுக்கூடம்’ என்ற பலகை, ‘விலாசம்’ என்று முடியும் பெயர்களோடு, வீட்டுத் திண்ணைகளில் எல்லாம் தொங்கத் தொடங்கியது. ஒரு கைப்பொறி, சில பெட்டி எழுத்து, இரண்டு கோப்பாளர்கள் இருந்தால் பதிப்பாளர் ஆகலாம்.

அக்கால ஆசிரியர்கள் பலருக்குப் பதிப்பாளர் என்று தனியே ஒருவர் கிடையாது. எழுதியவரே பணம் திரட்டி, தாள் வாங்கி, மெய்ப்புப் பார்த்து, விற்கவும் வேண்டும். இந்த முறையைப் புரிந்துகொள்ள வடசென்னைக்கு மிக அருகிலிருக்கும் எடுத்துக்காட்டு இராமலிங்க அடிகள். ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் வாழ்ந்த அவர், நாள்தோறும் நடந்து சென்று வழிபட்ட தலம் திருவொற்றியூர். அங்குள்ள இறைவனுக்கு ‘எழுத்தறியும் பெருமான்’ என்று ஒரு பெயர் உண்டு. அப்பெயரிலேயே அடிகள் ஒரு மாலை பாடினார். அம்மன் மீது பாடிய வடிவுடை மாணிக்க மாலை 101 பாடல்களைக் கொண்டது. பிற்காலத்தில் சிறு புத்தகமாகக் கோயில் வாசலில் விற்பதற்கென்றே அமைந்தது போன்ற அளவு அது. அடிகள் பாடியதோடு நின்றவர் அல்லர். 1851-ல் ஒழிவிலொடுக்கம், 1855-ல் தொண்டமண்டல சதகம் ஆகிய பழைய நூல்களைப் பதிப்பித்தார். 1854-ல் மனுமுறை கண்ட வாசகம் என்ற உரைநடை நூலையும் எழுதி வெளியிட்டார்.

அவருடைய சொந்தப் பாடல்கள் அச்சேறிய கதை இன்னும் சுவையானது. ஏடுகளிலும் தாள்களிலும் சிதறிக் கிடந்தவற்றைத் திரட்ட இறுக்கம் இரத்தின முதலியார் பல ஆண்டுகள் முயன்றார். பாடல்கள் வந்து சேரும்வரை ஒருவேளைதான் உண்பது என்று அவர் விரதம் கொண்ட பிறகே அடிகள் இசைந்ததாக வரலாறு. திருவருட்பா என்ற பெயரில் முதல் நான்கு திருமுறைகள் 1867-ல் தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பாக வெளிவந்தன. அச்சுச் செலவை அன்பர்கள் ஏற்றார்கள். தன் பெயரை ‘இராமலிங்கசாமி’ என்று போடுவது ஆரவாரம் என்று அடிகள் தடுத்தது இந்தப் பதிப்பின்போதுதான். தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்று ஒருவர் தன் பதிப்பாளரோடு வாதிட்ட, தமிழில் பதிவான தொடக்ககால நிகழ்வுகளுள் இது ஒன்று.

அதன் பின், அடிகளின் பாடல்களை அருட்பா என்று சொல்லலாமா என்று எழுந்த அருட்பா மருட்பாப் போரில் தெருப் பதிப்பின் முழு வலிமையும் வெளிப்பட்டது. ஆறுமுக நாவலர் தரப்பு மறுப்புத் துண்டறிக்கை வெளியிட்டது. அதற்கு மறுப்பு, அந்த மறுப்புக்குக் கண்டனம், கண்டனத்துக்குச் சூறாவளி என்று சென்னை, யாழ்ப்பாணம், கடலூர் அச்சகங்கள் மாறிமாறி எறிந்தன. நடுவில் நின்று இதைத் தொகுக்கவோ நிறுத்தவோ ஒரு அலுவலகம் இருக்கவில்லை. யாரிடம் அச்சுப்பொறி இருந்ததோ, யாருக்கு ஒரு அன்பர் பணம் கொடுத்தாரோ அவர் பேசினார். 1869-ல் வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போன பிறகும் சண்டை ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற்பிள்ளையும் செய்குத்தம்பிப் பாவலரும் அதைப் புதிதாக நடத்தினார்கள். வசைகளின் தரம் பற்றிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஆளுக்கொரு அச்சகம் இருந்த சமூகம் எப்படி வாதிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

திருவருட்பா வெளிவந்த அதே 1867-ல் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அச்சாகும் ஒவ்வொரு தாளிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும், அரசுக்குப் படிகள் கொடுக்க வேண்டும், மாகாண அரசு காலாண்டுக்கு ஒருமுறை நூல் பட்டியல் வெளியிட வேண்டும் என்பன அதன் விதிகள். 1857 எழுச்சியின் அச்சம் ஆறாத அரசு, யார் எதை அச்சிடுகிறார்கள் என்று கண்காணிக்கவே இதைக் கொண்டுவந்தது. ஆனால் பட்டியலில் தலைப்பு, ஆசிரியர், பக்கம், விலை, எத்தனை படி என்ற விவரங்கள் எல்லாம் பதிவானதால், எட்டுப் பக்கச் சிந்து நூலும் கம்பராமாயணமும் ஒரே வரிசையில் இடம்பெற்றன. புலவர்கள் தம் நூலகத்தில் சேர்க்க மறுத்த பாட்டுப் புத்தகத்தை அரசின் சந்தேகம் காப்பாற்றி வைத்தது.

அந்தப் பாட்டுப் புத்தகங்களுக்கு ‘குஜிலிப் பதிப்பு’ என்று பெயர். பூங்காநகரில் கந்தகோட்டத்தை ஒட்டி மாலையில் கூடும் கடைவீதி குஜிலிக் கடை. குஜராத்தி வணிகர்கள் குடியிருந்ததால் வந்த பெயர் என்பது ஒரு விளக்கம். திருட்டுப் பொருள் கைமாறும் இடம் என்ற பேச்சும் அதற்கு உண்டு. இந்த இரண்டாவது புகழ்தான் புத்தகங்களின் மேல் ஒட்டிக்கொண்டது. பிழை மலிந்த, மலிவுத் தாளில் வந்த எதையும் குஜிலி என்று சொல்லி ஒதுக்குவது படித்தவர்கள் வழக்கமாயிற்று. இப்பாடல்களை வரலாற்றுச் சான்றாக எடுத்து ஆராய்ந்த ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்ற பெயரை வழங்கினார். அது விற்ற இடத்தையும் பாடிய முறையையும் சேர்த்துச் சொல்லும் பெயர்.

குஜிலிப் புத்தகத்தின் வடிவம் அச்சுக்கூடத்தின் கணக்கிலிருந்து பிறந்தது. ஒரு தாளின் இருபுறமும் அச்சிட்டு இரண்டு முறை மடித்தால் எட்டுப் பக்கம், மூன்று முறை மடித்தால் 16 பக்கம். ஒரு ஃபாரத்தில் அடங்கிவிட்டால் தைக்க வேண்டியதுகூட இல்லை, ஒரு முடிச்சுப் போதும். விலை காலணா அல்லது அரையணா. காலணா என்பது ரூபாயில் 64-ல் ஒரு பங்கு. அட்டையென்று தனியாக எதுவும் இல்லை. முதல் பக்கத்திலேயே தலைப்பு, ஒரு மரக்கட்டைப் படம், ஆசிரியர் ஊர், அவர் யாருடைய மாணாக்கர் என்ற விவரம், அச்சுக்கூடத்தின் பெயர், பிறர் அச்சிடக்கூடாது என்ற எச்சரிக்கை எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். எச்சரிக்கையை யாரும் மதித்ததாகத் தெரியவில்லை. நன்றாக விற்ற சிந்து அடுத்த தெரு அச்சகத்தில் வேறு பெயரில் வெளிவருவது வாடிக்கை. படமும் அப்படியே. ஒரே மரக்கட்டை ஒரு நூலில் அரிச்சந்திரனாகவும் இன்னொன்றில் கட்டபொம்மனாகவும் வேலை பார்த்தது.

பொருள் எதுவாகவும் இருக்கலாம். கோயில் திருவிழா, தாது வருஷப் பஞ்சம், பெருவெள்ளம், கொள்ளை நோய், புகைவண்டி, தண்ணீர்க் குழாய், காப்பிக் குடி, தாசி மோகம், மாமியார் மருமகள் சண்டை, கொலை. ஊரை உலுக்கிய கொலை நடந்தால் சில நாளில் கொலைச் சிந்து தயார். தலைப்பில் ‘நூதன’ என்ற சொல் தவறாமல் இருக்கும். செய்தித்தாள் வாங்க வசதியோ வாசிக்கப் பழக்கமோ இல்லாதவர்களுக்கு இவைதான் செய்தித்தாள். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டபோது வடசென்னை மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டு ஓடினார்கள். அந்தக் கப்பலின் பெயர் சூரன், எத்தன் என்ற பொருளில் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டதற்கு வாய்வழிச் செய்தி பரவிய இந்த வேகமே காரணம்.

வடிவங்கள் சிந்து, கும்மி, தெம்மாங்கு, லாவணி, ஏற்றப்பாட்டு, தாலாட்டு ஆகியவை. ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று குறித்திருப்பார்கள். இந்த ஒரு வரிக் குறிப்புதான் குஜிலிப் பதிப்பின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்லலாம். ஏற்கெனவே காதில் இருக்கும் மெட்டைச் சுட்டிவிட்டால், எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் அடுத்த சொல்லை ஊகித்துவிடுவார். எதுகையும் மோனையும் பாதி வேலையைச் செய்யும். கடைசி அடியில் ஆசிரியர் தன் பெயரையும் ஊரையும் வைத்துப் பாடுவார். தாள் கிழிந்தாலும், வேறொருவர் திருடி அச்சிட்டாலும், பாட்டு வாயில் இருக்கும்வரை பெயர் இருக்கும். பதிப்புரிமைச் சட்டம் செய்யாததை முத்திரையடி செய்தது. இந்த வட்டத்தில் மிகுதியாக எழுதிய சிறுமணவூர் முனிசாமி முதலியார் பெயர் இலக்கிய வரலாறுகளில் பெரிதாக இல்லை. ஆனால் அவருடைய நடராஜப் பத்து சிவன் கோயில்களில் இன்றும் பாடப்படுகிறது.

விற்பனைக்குக் கடை கட்டாயமில்லை. பாடத் தெரிந்தவர் மொத்தமாக வாங்கி, சந்தையிலும் முச்சந்தியிலும் ரயிலடியிலும் பாடிக்காட்டி விற்றார். மெட்டும் முதல் சில அடிகளும் இலவசம், மீதிக்குக் காலணா. எழுதியவரே பாடுபவராகவும் விற்பவராகவும் இருந்ததுண்டு. மாசித் திருவிழாவின்போது திருவொற்றியூர்த் தேரடி, ஆடிக்கிருத்திகையின்போது திருத்தணி மலையடிவாரம் என்று திருவிழாக் கணக்கில் வியாபாரம் நகர்ந்தது. 1900-ல் திறக்கப்பட்ட மூர்மார்க்கெட் பழைய புத்தகங்களுக்குப் பெயர் பெற்றது. 1985 மே மாதம் தீயில் அழியும்வரை தமிழ்நாட்டின் நூல் வேட்டைக்காரர்கள் அதைச் சுற்றி வந்தார்கள்.

கல்கத்தாவின் பட்தலா அச்சகங்களும் லண்டன் செவன் டயல்ஸ் தெருப்பாட்டு வணிகமும் இதே காலத்தில் இதே வேலையைச் செய்தன. தமிழ்த் தெருப் பதிப்போ எழுத்தின் அளவையே நூல்வகையின் பெயராக்கியது.

பெரிய எழுத்து நூல்களுக்குப் பெயர் பெற்ற நிறுவனங்களில் கொண்டித்தோப்பு வெங்கட்ராமய்யர் தெருவில் இயங்கிய பி. இரத்தின நாயகர் அண்ட் ஸன்ஸும் ஆர். ஜி. பதி கம்பெனியும் முதன்மையானவை. அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, புலந்திரன் களவு, தேசிங்குராஜன், காத்தவராயன், மயில்ராவணன், ஆரவல்லி சூரவல்லி, மதனகாமராஜன் என்று நீளும் பட்டியல் தெருக்கூத்தும் உடுக்கையடியும் ஏற்கெனவே ஊரெங்கும் பரப்பிவைத்த கதைகளால் ஆனது. அல்லி, பவளக்கொடி போன்றவற்றைப் புகழேந்திப் புலவர் பெயரில் அச்சிடுவது மரபு. நளவெண்பா பாடியவர் இவற்றையும் பாடியிருப்பார் என்று அறிஞர்கள் ஏற்பதில்லை. வாங்கியவர்களுக்கு அது ஒரு பொருட்டாகவும் இல்லை.

எழுத்து ஏன் பெரிதாயிற்று என்பதற்குக் காரணம் ஒன்றல்ல. 1901 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 5.35 பேர். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகி, பாதியில் நிறுத்திவிட்டு வேலைக்குப் போனவர் அதே அளவு எழுத்தைத் தாளில் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்வார். பொடி எழுத்து அவருக்கு வேறொரு மொழி. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டப் பொருள் மங்குவது உடலின் இயல்பு. மூக்குக்கண்ணாடி அந்நாளில் கூலித் தொழிலாளி வாங்கும் பொருளல்ல. படிக்கும் நேரமோ பொழுது சாய்ந்த பிறகு, சிம்னி விளக்கு வெளிச்சத்தில். ஒருவர் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பது வழக்கம் என்பதால், புத்தகம் விளக்குக்கும் படிப்பவர் கண்ணுக்கும் நடுவில் சற்றுத் தள்ளியே இருக்கும்.

அச்சுக்கூடத்துக்கும் அதில் ஒரு வசதி இருந்தது. மலிவுத் தாள் மையை உறிஞ்சிப் பரப்பும். தேய்ந்துபோன சிறிய ஈய எழுத்தில் ண, ணை, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகிவிடும். பெரிய எழுத்தில் சுழி திறந்தே இருக்கும். எழுத்துப் பெரிதானால் பக்கம் கூடும், பக்கம் கூடினால் தாள் செலவு கூடும் என்பது எதிர்க்கணக்கு. அதைத் தாளின் தரத்தைக் குறைத்துச் சரிக்கட்டினார்கள். ஆகவே கண்ணுக்கு இதமான இந்தப் புத்தகங்கள் ஆயுள் குறைந்தவையாகவும் ஆயின. பழுப்பேறி, மடித்தால் முறிந்துவிடும் நிலையில்தான் பழைய படிகள் பலவும் கிடைக்கின்றன.

இப்புத்தகங்களைக் ‘கல்லாதவர் இலக்கியம்’ என்று சொல்வதுண்டு. அது சரியான வருணனை அல்ல. ஒரு தெருவுக்கு ஒருவர் படிக்கத் தெரிந்திருந்தால் தெரு முழுவதும் வாசகர்கள். நல்லதங்காள் கதையைத் தூக்கம் வராத இரவுகளில் படிக்கக் கேட்டு அழுத பெண்களுக்கு எழுத்து தெரியாது, கதை வரிக்கு வரி தெரியும். மழை வேண்டி விராட பருவம் படிப்பதும், துக்க வீட்டில் கர்ண மோட்சம் படிப்பதும் சடங்காகவே நிலைத்தன. வடசென்னையின் கானாப் பாடகர்கள் துக்க வீட்டில் இரவு முழுவதும் பாடும் வழக்கத்தையும் இந்தப் பழக்கத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். செய்தி, புராணம், தனிமனித வாழ்க்கை மூன்றும் ஒரே மெட்டில் கலப்பது சிந்துக்கும் கானாவுக்கும் பொது.

பரவலான, பிடிக்குச் சிக்காத இந்த அச்சுலகம் அரசியலுக்குள் நுழைந்தபோது அரசு விழித்துக்கொண்டது. 1910 பத்திரிகைச் சட்டம் புதிய அச்சகக்காரரிடம் 500 முதல் 2000 ரூபாய் வரை ஈடு கேட்க வழி செய்தது. காலணாப் புத்தகம் விற்றுப் பிழைப்பவருக்கு அது அச்சகத்தின் விலையைவிடப் பெரிய தொகை. அச்சட்டம் 1922-ல் நீக்கப்பட்டது. உப்புச் சத்தியாக்கிரகத்தை ஒட்டி அவசரச் சட்டமாகவும் 1931-ல் முழுச் சட்டமாகவும் அதே விதிகள் திரும்பி வந்தன. காந்தி, பகத்சிங், கள்ளுக்கடை மறியல், கதர் பற்றிய பாட்டுப் புத்தகங்கள் அப்போது தடை செய்யப்பட்டன. தடை செய்வது எளிது, பிடிப்பது கடினம். எட்டுப் பக்கத்தை ஓர் இரவில் கோத்து அச்சிட்டு எழுத்தைக் கலைத்துவிடலாம். பாட்டு மனப்பாடமான பிறகு தாளைப் பறிமுதல் செய்து பயனில்லை.

மலிவு அச்சின் வலிமையைப் பெரிய எழுத்தாளர்களில் நன்கு உணர்ந்தவர் பாரதி. அவருடைய மூன்று பாடல்களை வி. கிருஷ்ணசாமி ஐயர் 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கியது 1907-ல். 1920-ல் தம் நூல்களை 40 பகுதிகளாக, பகுதிக்குப் பதினாயிரம் படி வீதம் தாமே வெளியிடப் பாரதி திட்டமிட்டார். அன்பர்களிடம் கடனாகப் பணம் கேட்டு அவர் அனுப்பிய அறிக்கையில், தம் புத்தகங்கள் மண்ணெண்ணெய், தீப்பெட்டி போல நாடெங்கும் சாதாரணமாக விலைபோகும் என்று கணக்குப் போட்டிருந்தார். கடன் திரளவில்லை, அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார். அவர் சொன்ன மண்ணெண்ணெய் ராயபுரம், தண்டையார்பேட்டை எண்ணெய்க் கிடங்குகளிலிருந்து போனது. தீப்பெட்டிக்குத் திருவொற்றியூரில் விம்கோ தொழிற்சாலை வந்தது, விம்கோ நகர் என்று ஊர்ப்பெயரே ஆனது. புத்தகம் மட்டும் அந்த நிலையை எட்டவில்லை, பெரிய எழுத்து விக்கிரமாதித்தனைத் தவிர.

1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூரில் தோன்றிய பிறகு, பாட்டுப் புத்தகத்தின் இடத்தில் துண்டறிக்கை வந்து சேர்ந்தது. ம. சிங்காரவேலர் 1923-ல் தொழிலாளன் இதழைத் தொடங்கினார். 1952-ல் வண்ணாரப்பேட்டையிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ப. ஜீவானந்தம் மேடையில் பேசியதோடு தொழிலாளருக்கான பாட்டும் எழுதியவர். ஆலை வாயிலில் பாடிக்கொண்டே துண்டறிக்கை கொடுப்பது சிந்து விற்றவர்களின் முறைதான். காசு வாங்காதது மட்டுமே வேறுபாடு.

குஜிலிப் பதிப்பின் சரிவு மெதுவாக நிகழ்ந்தது. 1931 அக்டோபரில் முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் தங்கசாலைத் தெருவின் கினிமா சென்ட்ரலில் ஓடியது. சில ஆண்டுகளில் சினிமாப் பாட்டுப் புத்தகம் குஜிலியின் அதே வடிவத்தில், அதே வியாபாரிகள் கையில் அந்தச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. வர்ணமெட்டு தேட இனி தெருப்பாடகர் தேவைப்படவில்லை. செய்திப் பக்கத்தை 1942-ல் தொடங்கிய தினத்தந்தி எடுத்துக்கொண்டது. கொட்டை எழுத்துத் தலைப்பு, பேச்சுக்கு அருகான தமிழ், கொலை வழக்கின் அன்றாட விவரம் என்று அதன் இலக்கணமே சிந்து வாசகரை நோக்கியது. 1952-ல் ஆளவந்தார் கொலை வழக்கில், உடல் ரயில் பெட்டியிலும் தலை ராயபுரம் கடற்கரையிலும் கிடைத்தபோது, தமிழ்நாடு அந்த வழக்கை நாளிதழில் நாள்தோறும் தொடர்ந்து படித்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அது முழுக்கச் சிந்துக்காரர்களின் அறுவடையாக இருந்திருக்கும். பெரிய எழுத்து நூல்கள் மட்டும் திருவிழாக் கடைகளில் தாக்குப்பிடித்தன.

கண் பார்வை முற்றிலும் இல்லாதவர்களுக்கு இந்த வரலாற்றில் இடம் காது வழியாக மட்டுமே இருந்தது. பாளையங்கோட்டைப் பள்ளி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பார்வையற்றோர் கல்வியைத் தொடங்கியது. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951-ல் உருவானது. பிரெயில் நூல் கனமானது, செலவு மிக்கது, பாடப்புத்தகத்தைத் தாண்டிப் பெரிதாகச் செல்லவில்லை. பெரிய எழுத்து நூல்களைப் போலச் சந்தையில் தன் காலில் நிற்கும் வடிவம் அதற்கு அமையவேயில்லை. சட்டத்தின் தடையும் இருந்தது. பதிப்புரிமை பெற்ற நூலை மாற்றுவடிவில் எடுக்க உரிமையாளரின் ஒப்புதல் தேவைப்பட்டது. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் இதற்கு விலக்களித்தது. பார்வைக் குறைபாடுள்ளோருக்கான மராகேஷ் உடன்படிக்கைக்கு 2014-ல் உலகிலேயே முதலாவதாக ஏற்பளித்த நாடு இந்தியா.

கணினி வந்தபின் பழைய கேள்விகள் புதிய பெயர்களில் திரும்பின. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த நூல்களை இலவசமாக வெளியிட்டது. 2013 முதல் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ், ஆசிரியர்கள் பொதுஉரிமத்தில் தரும் நூல்களை மின்னூலாக்கித் தருகிறது. 2016 இறுதியில் அமேசான் கிண்டில் தமிழை ஏற்றபோது எழுத்தாளர் பதிப்பாளர் இல்லாமல் நூல் வெளியிடுவது சில நிமிட வேலையானது. வாசகர் எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதால் இரத்தின நாயகரின் அட்டை விளம்பரம் ஒவ்வொரு கருவிக்குள்ளும் புகுந்துவிட்டது. ஆனால் கடை ஒருவருடையது. முச்சந்தியில் பாடி விற்றவரை ஒரு முச்சந்தியிலிருந்து விரட்டினால் அடுத்ததற்குப் போவார். ஒற்றை நிறுவனத்தின் தளத்தில் கணக்கு முடக்கப்பட்டால் எழுத்தாளருக்குப் போக இடமில்லை.

2016-ல் வந்த சமூக ஊடக மென்பொருளான மாஸ்டடான், 2018-ல் இணையத் தரமாக ஏற்கப்பட்ட ஆக்டிவிட்டிபப் ஆகியவை இந்தக் குறைக்கு விடையாக முன்வைக்கப்பட்டவை. தனித்தனி ஆட்கள் நடத்தும் வழங்கிகள், ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ள ஒரு பொது நெறி, நடுவில் உரிமையாளர் இல்லை என்பதே அவற்றின் அமைப்பு. 2019 நவம்பரில் டுவிட்டர் ஒரு வழக்கறிஞரின் கணக்கை முடக்கியதை ஒட்டி இந்தியர் பலர் மாஸ்டடானுக்குச் சென்றார்கள், பலர் சில வாரங்களில் திரும்பியும் விட்டார்கள். கூட்டம் இருக்கும் இடத்தில்தான் பாட்டு விற்கும் என்பது குஜிலிக்காரர் அறிந்த உண்மை. இருந்தாலும் அங்கே வேரூன்றிய ஒரு பழக்கம் குறிப்பிடத்தக்கது. படம் இடுபவர் அதில் என்ன இருக்கிறது என்று சொல்லில் எழுதிச் சேர்ப்பது அங்கே மரியாதை. பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பான் அதைப் படித்துக் காட்டும்.

பழைய குஜிலிப் பதிப்புகளின் இன்றைய நிலையும் அந்தச் சொல்விளக்கத்தின் தேவையில்தான் வந்து நிற்கிறது. புலவர்களும் நூலகங்களும் புறக்கணித்தவற்றை ரோஜா முத்தையா போன்ற தனி ஆர்வலர்கள் சேர்த்தார்கள். அவர் திரட்டியவை 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இயங்குகின்றன. பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பவை 1867 சட்டத்தின் கொடை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் ஏராளமாக வருடப்பட்டு ஏறியிருக்கின்றன. ஆனால் வருடிய பக்கம் வெறும் படம். பெரிய எழுத்தில் அச்சான கதை, பார்வையற்ற வாசகரின் கணினியில் ஒரு சொல்கூட ஒலிக்காது.

படத்தை எழுத்தாக்கும் எழுத்துணரி தமிழுக்கு வந்துவிட்டது. விக்கிமூலத் தன்னார்வலர்கள் அதைக் கொண்டு ஆயிரக்கணக்கான பக்கங்களை மாற்றுகிறார்கள். குஜிலிப் பதிப்பில் அது தடுமாறுகிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய துதிக்கை ‘லை’, ‘ணை’ வடிவங்கள், தேய்ந்த ஈயம், பரவிய மை, புள்ளி விடுபட்ட மெய்கள், சொல் பிரிக்காத சந்திகள் எல்லாம் சேர்ந்து வரிக்கு நாலு பிழை தருகின்றன. அச்சுக்கோப்பாளரின் பிழை எது, எழுத்துணரியின் பிழை எது, சென்னைப் பேச்சுவழக்கை அப்படியே எழுதிய ஆசிரியரின் சொல் எது என்று பிரிக்க மனிதக் கண் தேவைப்படுகிறது. மெய்ப்புப் பார்ப்பவர்கள் ஐயம் வரும் இடத்தில் தலைப்பிலுள்ள வர்ணமெட்டைத் தேடி, அந்த மெட்டில் அடியைப் பாடிப்பார்த்து, சீர் தட்டாத சொல்லை வைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போகிறார்கள்.